நாலு மணி நேரத்து மனுஷன்

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஆகாயத்தில் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சலான தூரம், அதைக் கடக்க விமானத்துக்கு நாலு மணி நேரம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் சகாயமாதா நகரில் ஒருத்திகூடத் தன் புருஷன் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தான் என்று கடிகாரத்தைப் பார்த்ததில்லை. ஆள் வந்தாரா, பெட்டி வந்ததா, பெட்டிக்குள் என்ன வந்தது, அவ்வளவுதான் கேள்வி. பிறகு ஒரு புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை, விமானம் நேரம் தவறாமல் இறங்கி, கதவு திறந்து, ஏணி வைத்து, ஆட்கள் இறங்கி முடித்தபோது, ஏறினவர்களில் பாதிப் பேர்தான் இறங்கியிருந்தார்கள்.

மீதிப் பேர் காணாமல் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி கேட்டதுமே 'ஐயையோ' என்று மாரில் கை வைக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய இருக்கைகள் காலியாக, பெல்ட் மட்டும் மாட்டினபடி இருந்தன, யார் இழுத்தும் அது அவிழவில்லை, துப்புரவுக்கு வந்த பெண்கள் அந்த இருக்கைகளைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்கள். மத்தியானம் ஒருத்தர் ஏணியில் இறங்கி வந்து "ட்ராலி எங்கப்பா?" என்று கேட்டார். சாயங்காலம் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு ஒரு குடும்பம், அதிலும் தகப்பனும் பிள்ளைகளும்தான், தாய்க்காரி செவ்வாய்க்கிழமை வந்தாள். நடுவில் அதே விமானம் சிங்கப்பூர் போய்ப் போய் வந்திருந்தது, அது அவர்களுக்குத் தெரியாது. யாரைக் கேட்டாலும் "பயணம் கொஞ்சம் நீளம், டீ ரெண்டு தடவை குடுத்தாங்க" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

விமான நிலையத்தார் ஒரு மாதம் தலையைச் சொறிந்தார்கள், பிறகு வாசலில் இருந்த பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகையை மாட்டினார்கள். முதல் பலகையில் விமானம் 'இறங்கியது' என்று இருக்கும், இரண்டாவதில் பெயர் பெயராக 'வந்துகொண்டிருக்கிறார்' என்று இருக்கும். ஏன் இப்படி என்று கேட்டவர் ஒரே ஒருத்தர், கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர், பத்திரிகைக்கெல்லாம் எழுதினார். அவரே ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வீடு திரும்புகையில் ஒரு வாரம் வந்துகொண்டிருந்த பிறகு, அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். எங்கள் நகருக்குக் காரணம் தேவைப்படவில்லை. அர்த்தம் போதும். வர ஆசை இருக்கிறவன் சீக்கிரம் வருகிறான், இல்லாதவன் இழுக்கிறான், இதற்கு இயற்பியல் எதற்கு?

அன்றிலிருந்து பாதி சகாயமாதா நகர் விமான நிலைய வாசலில்தான் குடியிருந்தது. பாய் விரித்தார்கள், பூக் கட்டினார்கள், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார்கள், யாருடைய ஆள் எப்போது வருகிறார் என்பதை எல்லாருமே பார்த்தார்கள். கல்யாண விளம்பரத்தில் படிப்பு, உயரம், நிறத்துக்குப் பக்கத்தில் 'வெளிநாட்டு மாப்பிள்ளை, நாலரை மணிக்குள் வந்திறங்குபவர்' என்று போட்டார்கள். குழாயடிச் சண்டையில் "போடி, உன் புருஷன் ஒம்பது நாளு பார்ட்டிதானே" என்று சொன்னால் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்று ஆனது. குடும்பக் கோர்ட்டில் ஒரு வக்கீல் இரண்டாம் பலகையைப் படம் பிடித்துச் சாட்சியாகக் கொடுத்தார், நீதிபதி தள்ளுபடி செய்தார், அவருடைய சம்சாரமும் அப்போது துபாயிலிருந்து வந்துகொண்டிருந்ததாகக் கேள்வி. மாதா கோயிலில் விசுவாசிகள் மன்றாட்டில் நோயாளிகளுக்கும் விவசாயிகளுக்கும் அடுத்தபடியாக 'வந்துகொண்டிருப்போருக்காக' என்று ஒன்று சேர்ந்தது. ஒரு தாய், மகன் ஏறுவதற்கு முன்னால் மீன் குழம்பைப் படம் எடுத்துப் போனில் அனுப்பினாள், அவன் முதல் ஆளாக வந்து இறங்கினான். மறுநாள் தெரு முழுக்கக் குழம்புச் சட்டிக்கு மேல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த அளவுகோல் கோணல் என்று அப்போதே தெரிந்துகொள்ள வழி இருந்தது. பின் வீட்டுக் கமர்நிஷாவின் வீட்டுக்காரர் சேக் தாவூது ஏணியைச் சரியாக வைப்பதற்குள் குதித்து வருகிறவர், அவள் ஒரு வருஷம் ராணி மாதிரி நடந்தாள். பிறகுதான் பார்த்தோம், மனிதர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மொட்டை மாடிக்கு ஏறிப் புறாக் கூண்டைத் திறந்துகொண்டிருந்தார். தெருவே சிரித்தது. கமர்நிஷா அசரவில்லை. "புறாவுக்கு வந்தாலும் என் மாடிக்குத்தானடி வந்தாரு" என்றாள். எனக்கு அவளை அன்றிலிருந்து பிடிக்கும்.

என் வீட்டுக்காரர் பெயர் இன்னாசிமுத்து. கல்யாணமான அடுத்த வருஷம் சிங்கப்பூருக்குப் போனவர், கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து மேஸ்திரி ஆனவர், வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். ஆகாயம் இப்படி ஆன பிறகும் வந்தார், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், முன்னால் இல்லை, பின்னால் இல்லை. எதிர்வீட்டுச் செண்பகவல்லி, ஊரார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணுகிறவள், ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"அண்ணன் எவ்வளவு நேரத்துல வந்தாருக்கா?"

"எங்க வீட்டுக்காரரு நாலு மணி நேரத்து மனுஷன்டி. கம்பெனி என்ன சொல்லுதோ அது."

கர்வம்தான். இருக்கட்டுமே. தனியாக வீடு கட்டி, தனியாகப் பெண்ணைப் படிக்கவைத்து, தனியாக மோட்டார் ரிப்பேர்காரனோடு மல்லுக்கு நின்றவளுக்கு அந்த ஒன்றாவது இருக்கக் கூடாதா?

போன தை மாதம் அவர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினார். வேலை முடிந்தது, இனி போக வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் மகள் அக்சீலியா லீவு போட்டு வந்தாள், ஆட்டுக்கறி பிரியாணி ஒரு அண்டா ஏறியது, கமர்நிஷாவும் செண்பகவல்லியும் எங்களோடு விமான நிலையத்துக்கு வந்தார்கள். விமானம் இறங்கியது. ஆட்கள் வந்தார்கள். கைக்குழந்தைக்காரி வந்தாள், சக்கர நாற்காலி வந்தது, பைலட்டே பெட்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் இரண்டாம் பலகையை அதுவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை, அது மற்றவர்களுக்கான பலகை. அக்சீலியாதான் பார்த்தாள்.

"மா," என்றாள் மெதுவாக.

இன்னாசிமுத்து, வந்துகொண்டிருக்கிறார்.

"பெட்டி நிறைய இருக்கும்லக்கா," என்றாள் செண்பகவல்லி. "ஒரேடியா வர்றவரு."

"பெட்டிக்குத் தனி வண்டி இருக்கு. நீ வாயை மூடு."

பிரியாணியைத் தெருவுக்கே போட்டேன். மறுநாள் மீன் வாங்கினேன், அதற்கு மறுநாள் கோழி, பிறகு ஒன்றும் வாங்கவில்லை. அக்சீலியா நகத்தைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். ஒரு மத்தியானம் துணி மடிக்கையில் கேட்டேவிட்டாள்.

"மா, அப்பாவுக்கு அங்க யாராவது..."

"உங்கப்பாவுக்கா? பஸ்ல பக்கத்துல ஒரு பொம்பளை உட்கார்ந்தா எந்திரிச்சு நிக்கிற ஆளுடி அது."

"பின்ன ஏன் வரல?"

"அதான் வந்துகிட்டிருக்காருன்னு போட்டிருக்குல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா?"

அவளிடம் அப்படிச் சொன்னேன். ஆனால் எனக்குத் தெரியும், என் வீட்டு வாசலில் இப்போது நிற்பது என்ன கேள்வி என்று. மாதம் ஒன்று தாண்டினால் அவரும் பலகையிலேயே தங்கிவிடக்கூடும். அப்படித் தங்கினவர்கள் உண்டு, பெயர் மங்கி மங்கி அழிந்துபோய், அந்த இருக்கையின் பெல்ட் ஒரு நாள் தானாக அவிழ்ந்து கிடக்கும், அதில் வேறு யாரோ உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார்கள்.

தெரு அதற்குள் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிட்டது. செண்பகவல்லி தூக்குவாளியில் இட்லி கொண்டுவந்தாள், துக்க வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. வெறும் வாளியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் ஒரு கைப்பிடி பச்சை மிளகாயைப் போட்டு அனுப்பினேன். பங்குச் சாமியார் அக்சீலியாவைக் கூப்பிட்டு, மன்றாட்டில் அப்பா பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டாராம். சேர்க்கச் சொல், ஆனால் நோயாளிகள் வரிசையில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு சனிக்கிழமை வீட்டை ஒதுங்கவைக்கும்போதுதான் பார்த்தேன். அவர் படுக்கும் கட்டிலில் என் தையல் மிஷின் உட்கார்ந்திருந்தது. பீரோவில் அவர் தட்டில் என் புடவைகள். அவர் வருகிற மாதத்தில் மிஷினை இறக்குவேன், புடவைகளை மாற்றுவேன், புதுத் துண்டு, பூப்போட்ட பீங்கான் தட்டு, ஊறுகாய் எடுத்து வைக்கிற கண்ணாடிக் கிண்ணம் எல்லாம் வெளியே வரும், அவர் கிளம்பின மறுநாள் கழுவித் துடைத்து எல்லாம் உள்ளே போகும். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் சாமான் ஏறத்தான் செய்யும். ஆனால் இந்தத் தடவையும் அதே புதுத் துண்டை எடுத்து வைத்திருந்தேன், அதே பீங்கான் தட்டை, ஒரேயடியாக வருகிறவருக்கு.

கான்வென்டில் எங்களுக்குப் பூகோளம் நடத்தின சிஸ்டர் கன்சோலாட்டா, உலக உருண்டையில் இரண்டு ஊருக்கு நடுவே தூரம் அளக்க ஒரு நூலைக் கொடுப்பார். ஒரு பெண் ஒரு ஊரில் நூலை அழுத்திப் பிடிப்பாள், இன்னொருத்தி மறு ஊரில். யாராவது ஒருத்தி தூங்கி வழிந்தால் நூல் தொய்ந்துவிடும், தூரம் கூடிவிடும், பிரம்படி இரண்டு பேருக்கும் விழும். தையல் மிஷின் முன்னால் நின்றபடி நான் நினைத்தேன், சகாயமாதா நகரில் இத்தனை புத்திசாலிகள் இருந்தும், எல்லாரும் வருகிறவனை மட்டுமே அளந்துகொண்டிருக்கிறோமே, இந்தப் பக்கத்து முனையை எவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒருத்தராவது பார்த்தோமா?

யோசித்தது போதும் என்று விசா வாங்கினேன், டிக்கெட் வாங்கினேன்.

"எங்கம்மா போற?" என்றாள் அக்சீலியா.

"உங்கப்பாவைப் பார்க்க."

"அவரு அங்க இல்லையேம்மா. நடுவுல இருக்காரு."

"நடுவுக்குத்தான் போறேன்."

நாற்பது நாள் தபசு காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை. தெருவே வழியனுப்ப வந்தது. நான் போய் இறங்கி நாலே மணி நேரத்தில் ஆளைத் தரதரவென்று இழுத்து வருவேன் என்று எல்லாருக்கும் நிச்சயம், என் பொறுமை அவ்வளவு பிரசித்தம். கவுன்ட்டரில் இருந்த பெண், நான் கேட்ட இருக்கையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"மேடம், பக்கத்து சீட்டு வந்துகொண்டிருப்பவரோடது. ஆள் தெரிய மாட்டாங்க."

"உனக்குத் தெரிய மாட்டாரு. எனக்குத் தெரியும். டிக்கெட்டைக் குடு."

விமானத்தில் ஜன்னலோரம் ஒரு காலி இருக்கை, இறுக்க மாட்டின பெல்ட். பக்கத்தில் உட்கார்ந்தேன். மேகத்துக்கு மேலே ஏறும் வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு கை வைக்கிற கட்டையில் என் கையை வைக்கப் போனேன், அங்கே ஒரு முழங்கை இருந்தது. முதலில் முழங்கைதான் வந்தது, தீப்பொறி பட்ட பழைய தழும்புகளோடு, அதை ஒட்டி நீலச் சட்டை, சட்டைக்கு மேல் நரைத்த மீசை, மீசைக்கு மேல் என்னைப் பார்த்துத் திருதிருவென்று முழிக்கிற இரண்டு கண்.

"ரெஜினா," என்றார். "நீ எங்க இங்க?"

"காத்து வாங்க வந்தேன். எவ்வளவு நாளா உட்கார்ந்திருக்கீங்க தெரியுமா?"

"இப்பத்தான் டீ குடுத்தாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல எறங்கிரும்னு சொன்னான்."

"ஒரு மாசமா சொல்லிக்கிட்டிருக்கான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஒரே வெள்ளை. விமானம் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று கேட்காதீர்கள், எனக்கு அது சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்தது, அவருக்குத் திருச்சி.

"என்னங்க, வர இஷ்டம் இல்லையா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. கீழ ஒரு தெருவே எனக்காக இட்லி அவிச்சுக்கிட்டிருக்கு."

டீ வந்தது. குடித்தோம்.

"ஒரு மாசம்னா எனக்குத் தெரியும் ரெஜினா," என்றார் கடைசியில். "முதல் வாரம் சொந்தக்காரங்க, ரெண்டாவது வாரம் வேளாங்கண்ணி, அப்புறம் பல்லு டாக்டரு, அப்புறம் பெட்டி கட்டறது. அதுக்கு அடுத்த நாளு என்ன செய்யறதுன்னுதான் தெரியல. அந்த நாள்ல நான் அந்த வீட்ல இருந்ததே இல்லை. அன்னைக்கு நீ எங்க இருப்ப, நான் எங்க உட்காரணும், ஒண்ணும் தெரியாது."

"அன்னைக்குக் குப்பை வண்டி வரும். பச்சை வாளியும் நீல வாளியும் தனித்தனியா வெளிய வைக்கணும். கலந்து போட்டா அந்தப் பொண்ணு கத்தும். அப்புறம் தண்ணி லாரி. அப்புறம் ஒண்ணுமில்ல, மத்தியானம். இதுக்கா ஆகாயத்துல உட்கார்ந்திருக்கீங்க?"

"சிரிக்காத."

"நான் எங்க சிரிச்சேன்?"

"வருஷா வருஷம் ஆட்டுக்கறி போடற. பூப்போட்ட தட்டு. எனக்குக் கருவாட்டுக் குழம்பும் பழைய சோறும் வேணும்னு இருக்கும். கேட்கக் கூச்சமா இருக்கும்."

"கட்டின பொண்டாட்டிக்கிட்ட என்ன கூச்சம்?"

"விருந்தாளி கேட்க முடியுமா?"

எனக்குக் கோபம் வந்தது, பாதியில் நின்றுவிட்டது. பிறகு, எதிரே மடக்குப் பலகையில் ஆறிக்கொண்டிருந்த டீயைப் பார்த்தபடி, நான் யாரிடமும் சொல்லாத விஷயங்களைச் சொல்ல ஆரம்பித்தேன். இராத்திரிச் சாப்பாட்டை நான் தட்டில் போடுவதில்லை, அடுப்பு மேடையில் நின்றபடி சட்டியிலிருந்தே தின்கிறேன் என்று. என் கட்டிலில் நட்டநடுவில் படுக்கிறேன், இரண்டு பக்கமும் கையை விரித்துக்கொண்டு என்று. டிவியில் என்ன ஓடினாலும் அதோடு சண்டை போடுகிறேன், உரக்க, இனி அதை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது என்று. வருஷா வருஷம் நீங்கள் கிளம்பும்போது அழுவேன், அது நிஜம், மறுநாள் காலையில் மிஷினை உங்கள் கட்டிலில் தூக்கி வைக்கும்போது 'அப்பாடா' என்றும் இருக்கும், அதுவும் நிஜம் என்று.

அவர் என்னைப் பார்த்தார். "இதை ஏன் சொல்லவே இல்ல?"

"எப்ப சொல்றது? வேளாங்கண்ணிக்கும் பல்லு டாக்டருக்கும் நடுவுலயா?"

அவர் சிரித்தார். முன்பல் ஒன்று கட்டியிருந்தார், போன வருஷம் கட்டியதாம், நான் கவனித்ததே இல்லை. பிறகு அவர் சொன்னார். பட்டறையில் மழை பெய்யும்போது இரும்பு எப்படி மணக்கும் என்று, அறையில் கூடப் படுத்திருந்த வங்காளி குறட்டை நின்றால் இவருக்கு விழிப்பு வந்துவிடும் என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் விமான நிலையத்துக்குப் போய், ஏறாமல், இறங்காமல், திருச்சி என்று எழுதியிருக்கிற பலகைக்கு எதிரே உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வருவார் என்று. நான் குறுக்கே குறுக்கே பேசினேன். அவர் குறுக்கே பேசினதற்கு நான் திட்டினேன். விமானம் ஒரு தடவை சிங்கப்பூரில் இறங்கினது போல இருந்தது, ஆட்கள் ஏறினார்கள், ஆட்கள் இறங்கினார்கள், பெருக்குகிற பெண்கள் எங்களைச் சுற்றிப் பெருக்கினார்கள், ஒருத்தி என் காலை எடுக்கச் சொல்லாமல் என் காலுக்குள்ளேயே துடைப்பத்தை விட்டு எடுத்துக்கொண்டு போனாள். கோதுமை ரொட்டி வந்தது, தயிர் சாதம் வந்தது, டீ வந்தது, டீ வந்தது.

நாங்கள் வெளியே வந்தபோது குருத்தோலை ஞாயிறு போய், பாஸ்கா நாடகம் முடிந்து, தபசு காலம் தீர்ந்து, ஈஸ்டர் மணியும் அடித்து ஓய்ந்திருந்தது. வெயில் சித்திரை வெயிலாக இருந்தது. அக்சீலியா ஓடி வந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள், அப்புறம் இரண்டு பேரையும் திட்டினாள், என் பெண் அல்லவா. கமர்நிஷா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டாள். இரண்டாம் பலகையில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் அத்தனை நாள் இருந்ததாம், நான் அடித்த பெருமை எப்படியெல்லாம் ஊர் வாயில் புரண்டது என்று செண்பகவல்லி மூச்சு விடாமல் சொன்னாள். கடைசியில் அவளால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நீங்க ஒரு வாரம் பொறுக்க மாட்டீங்களே. உங்க ரெண்டு பேர்ல யாரு இழுத்தடிச்சதுக்கா?"

இன்னாசிமுத்து வாயைத் திறந்தார். நான் அவர் கையைக் கிள்ளினேன். அவர் வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, எல்லாப் பழியும் தன்மேல்தான் என்பது போல மீசையைத் தடவினார். தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் எங்கள் நகரில் அவர் பெயரைச் சொல்லித்தான் மாப்பிள்ளைகளை எச்சரிக்கிறார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே பழைய சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைகிறார்.

நடந்தது இதுதான். சாம்பல் புதன் அன்று காலையிலேயே விமானம் திருச்சியில் இறங்கிவிட்டது. பெல்ட் விளக்கு அணைந்தது. கதவு திறந்தது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஊர் வெயிலும் பொன்மலைப் பக்கத்து மண்ணும் தெளிவாகத் தெரிந்தன. அவர் பெல்ட்டை அவிழ்த்தார், அது லேசாக அவிழ்ந்தது, எழுந்து நின்று மேலே இருந்த பையை இறக்கி, "வா ரெஜினா, வீட்டுக்குப் போவோம்" என்று என் பக்கம் கையை நீட்டினார்.

நான்தான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"இருங்க. நான் இன்னும் பேசி முடிக்கல."

அவர் பையை மேலே வைத்துவிட்டு, உட்கார்ந்து, பெல்ட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.